சம்மட்டிபுரத்தில் ஒரு கபுறு

மதுரை மாநகரின் மேற்கே, காளவாசலைக் கடந்து தேனி செல்லும் சாலையில், சம்மட்டிபுரத்தில் சிறிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. கான்சாகிபு பள்ளிவாசல் என்று மக்கள் அதனை அழைக்கின்றனர். 1808ஆம் ஆண்டில் ஷேக் இமாம் என்பார் எழுப்பிய எளிய சதுரக் கட்டடம் அது. அதனுள் கபுறில் அடங்கியிருப்பவர், 1764 அக்டோபர் 15ஆம் நாள் மாலை அவ்விடத்துக்கு அண்மையிலேயே தூக்கிலிடப்பட்ட தளபதி முகம்மது யூசுப் கான். மதுரைக்காரர்களின் நாவில் அவர் 'கான்சா'. கான்பாளையம் என்றும் கான்சாமேட்டுத் தெரு என்றும் முகவரி எழுதும் நம் மக்களுள் எத்தனை பேருக்கு அந்தக் 'கான்' யார் என்பது நினைவிருக்கும் என்று நமக்குத் தெரியவில்லை. அவர் காத்து நின்ற கோட்டையையோ, 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியையும் தூர்த்துவிட்டார். அந்தக் கலெக்டருக்கு நகரத்தின் நடுவே விளக்குத்தூண் நின்று நினைவு சொல்கிறது. இடிக்கப்பட்ட மதில் இருந்த இடங்களில் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் ஓடுகின்றன. அந்தப் பெரும்போரின் எச்சம் என்று இன்று கைநீட்டிக் காட்டத்தக்கவற்றுள் இந்தக் கபுறும் ஒன்று.

ஆனால், இங்கே அடங்கியிருப்பது முழு உடலன்று என்பது இவ்வட்டாரத்தின் நெடுநாளைய வழக்கு. தூக்கிலிட்ட பின்னர் உடல் துண்டாடப்பட்டது என்றும், தலை திருச்சிக்கும் கைகள் பாளையங்கோட்டைக்கும் கால்கள் பெரியகுளத்துக்கும் தஞ்சைக்கும் அனுப்பப்பட்டன என்றும், எஞ்சிய முண்டமே சம்மட்டிபுரத்து மண்ணில் வைக்கப்பட்டது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். இந்த வழக்காற்றை முன்வைத்தே ஒரு வினாவை ஆராய விரும்புகிறோம். இறந்துபோன மனிதனை, அவன் பகைவனே ஆயினும், தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை உயிரோடிருப்பவர்களுக்கு உண்டா?

வினாவுக்குள் புகுமுன் மனிதரை அறிந்துகொள்வது முறை. இராமநாதபுரம் சீமையின் பனையூரில், 1725ஆம் ஆண்டளவில், வேளாளர் குடும்பத்தில் மருதநாயகமாகப் பிறந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது வழக்கு. 1752 அளவில் சிறுபடையொன்றின் தலைவராகக் கிளைவிடம் வந்து சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, வெள்ளைத் தளபதிகளுக்கு விளங்காத பாதைகளையெல்லாம் தம் கைரேகைபோல் அறிந்திருந்த அவர், பகைவரின் கண்ணில் மண்ணைத் தூவி உணவு வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அவருடைய துணிவையும் மதிநுட்பத்தையும் வெகுவாகப் போற்றினார். 1754இல் கும்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார். தங்கப் பதக்கமும் பெற்றார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியிலிருந்து அவருடைய படையை உறங்கவிடாமல் அலைக்கழித்தவர்களுள் யூசுப் கான் முதன்மையானவர். செங்கற்பட்டுக் கோட்டைத் தலைவராயிருந்த பிரெஸ்டன் அந்நாளில் அவருக்குத் தோள் கொடுத்து நின்றார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. குளங்களும் கோட்டைகளும் பழுது பார்க்கப்பட்டன. நெசவாளருக்கு ஆதரவு கிடைத்தது. மீனாட்சியம்மன் கோயிலின் உரிமைகள் காக்கப்பட்டன என்பர். அவர் இறந்து இருபது ஆண்டுகள் சென்றபின் இப்பகுதியில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன், அவருடைய ஆட்சியின் திறத்தையும் நேர்மையையும் மனமுவந்து பாராட்டியிருக்கிறார். தூக்கிலிட்டவர்களின் கூட்டத்திலிருந்தே வந்த சான்று இது என்பதால் இதற்கு எடை அதிகம்.

வளர்ந்துவிட்ட பணியாளனைக் கண்டு எசமானர்கள் அஞ்சுவது உலக இயல்பு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அஞ்சினார். ஆண்டுக்கு ஏழு இலட்சம் தருவதாகச் சொல்லி யூசுப் கான் குத்தகை கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. நவாபுக்குக் கீழ்ப்பட்டு நிற்க அவரும் மனம் ஒப்பவில்லை. 1763இல் அவர் தனியாட்சி கொண்டார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அவ்வாண்டே முற்றுகை தொடங்கி, மழைக்காலத்தில் தளர்ந்து, 1764இல் மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் இறுகியது. ஜூன் மாதத்தில் நடந்த பெருந்தாக்குதலைக் கோட்டையிலிருந்தோர் முறியடித்தனர். அந்தத் தாக்குதலில் படுகாயமுற்று உயிர்நீத்தவர் யார் தெரியுமா? சென்னையில் தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன்!

வாளால் வீழ்த்த முடியாத கோட்டையைப் பசியால் வீழ்த்தத் துணிந்தனர். தானியம் தீர்ந்தது, குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலை வந்தது. அக்டோபர் 13ஆம் நாள், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப், பிரெஞ்சுப் படைத்தலைவன் மார்ச்சந்து ஆகியோர் சேர்ந்து, யூசுப் கான் தொழுகையில் இருந்த வேளையில் பாய்ந்து, அவருடைய தலைப்பாகையைக் கொண்டே அவரைக் கட்டினர் என்பர். காம்பெல் அவரைப் பெற்றார், நவாப் கேட்டார், கொடுக்கப்பட்டார். விசாரணை என்று சொல்லத்தக்க ஒன்று நடக்கவில்லை. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

மரணத்தைச் சூழ்ந்து கதைகள் முளைத்தன. இரண்டு முறை கயிறு அறுந்தது என்றும், உடலில் கட்டியிருந்த தாயத்தைக் கழற்றிய பின்னரே உயிர் பிரிந்தது என்றும் மக்கள் சொன்னார்கள். தாயத்துக்கும் உயிருக்கும் முடிச்சுப் போடும் கதையை நம் மார்க்க அறிவு ஏற்காது. எனினும் கதையைச் சொன்ன மக்களின் உள்ளத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. 'இந்த மனிதர் இப்படிச் சாகத்தக்கவர் அல்லர்' என்னும் தீர்ப்பை எழுத்தறியாத மக்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? ந. வானமாமலை அவர்கள் பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல், இரண்டு நூற்றாண்டு கடந்தும் அந்த மரணத்தை ஊரார் மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

உடலைத் துண்டாடிய செய்திக்கு வருவோம். உயிர் போன பின்னர் உடலால் எவருக்கும் தீங்கு செய்ய இயலாது. எனவே அந்தச் செயல் செத்தவரை நோக்கியதாக இருக்க முடியாது. திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் உயிரோடிருந்தவர்களை நோக்கியது அது. 'பாருங்கள், உங்களுக்கும் இதுவே கதி' என்று எழுதி அனுப்புவதற்கு ஒரு மனிதனின் கையையும் காலையும் காகிதமாக்கிக்கொண்டார்கள். முகம்மது அலிக்கு இது புதிதுமன்று. 1752இல் அவருடைய போட்டியாளரான சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டு அவரிடமே கொண்டுவரப்பட்டது. வெட்டுண்ட தலையின் பயன் என்னவென்று அன்றே அவர் அறிந்திருந்தார்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வெட்கம் உண்டு. தூக்கிலிடுவித்தவரும் கலிமாச் சொன்னவர். தூக்கில் தொங்கியவரும் கலிமாச் சொன்னவர். உஹதுப் போர்க்களத்தில் தம் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் அடைந்த துயரத்தை நாம் மீலாது மேடைதோறும் கேட்டிருக்கிறோம். பழிக்குப் பழி வாங்கும் எண்ணம் அந்தக் கணத்தில் எழுந்தது என்றும், பின்னர் பொறுமையே மேலென இறைவசனம் வந்தது என்றும் விரிவுரையாளர்கள் கூறுவர். அதன்பின், பகைவரின் உடலைச் சிதைக்கும் 'முஸ்லா' என்னும் செயலை நபிகளார் (ஸல்) அவர்கள் அடியோடு தடுத்தார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்னும் கருத்தும் நபிமொழியில் வந்துள்ளது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்று, 'அதுவும் ஓர் உயிரல்லவா' என்னும் பொருள்படப் பேசியவர்களும் அவர்களே. இவ்வளவும் தெரிந்த ஒரு நவாபின் பெயரில், மதுரைக்கு வெளியே, அவ்வாறொரு செயல் நடந்ததாக ஊர் நம்புகிறது. நம் வரலாற்று நூல்களில் இதைப் பேசாமல் கடந்து, எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் ஏற்றிவிடுவது எளிது. எளிதாக இருப்பதாலேயே அதைச் செய்து வந்திருக்கிறோம்.

இது கீழ்நாட்டுக் கொடுமை என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1658இல் இறந்து அடக்கமான ஆலிவர் கிராம்வெல்லின் உடலை, அரசு மாறியபின், 1661 ஜனவரியில் தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். வெட்டிய தலையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் கழியில் செருகி வைத்தார்கள். பல கைகள் மாறிய அந்தத் தலை 1960இல்தான் கேம்பிரிட்ஜின் கல்லூரி ஒன்றில் மண்ணுக்குள் போயிற்று. அதே நாட்டினர் 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை, அவருடைய தந்தை ஹைதர் அலியின் அருகே, படை மரியாதையுடன் அடக்கினார்கள். திப்பு அரசர், யூசுப் கானோ தங்களிடம் சம்பளம் வாங்கியவர். எதிர்த்துப் போரிட்ட மன்னனை மதிக்க முடிந்தவர்களுக்கு, எதிர்த்து நிமிர்ந்த ஊழியனை மன்னிக்க முடியவில்லை. தங்கப் பதக்கம் தந்த கும்பெனியே தூக்குக்கயிற்றுக்கும் ஒப்பியது. பத்தாண்டு இடைவெளியில் அந்த மனிதரின் வீரம் மாறவில்லை. அது யாருக்குப் பயன்பட்டது என்பது மட்டுமே மாறியது.

சரி, நாம் அவரை என்ன செய்தோம்?

எஸ். சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914இல் எழுதிய வரலாற்று நூலின் தலைப்பிலேயே அவரைக் கலகத் தளபதி என்று குறித்தார். நூல் உழைப்பு மிக்கது. அவரைப்பற்றி எழுதும் எவரும் அதற்குக் கடன்பட்டவரே. ஆயினும் தலைப்பு ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. விடுதலைக்குப் பின்னர் நம் நாட்டார் கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, அவரை விடுதலை வீரராக்கினார்கள். மதுரைக் கோட்டையில் ஏறியது பிரெஞ்சுக் கொடி என்பது அந்தத் துண்டில் இல்லை. சிலர் பிறப்புப் பெயரை எடுத்துக்கொண்டு மருதநாயகம் எங்களவர் என்றார்கள். நம்மவர் சிலர் யூசுப் கான் எங்களவர் என்று மறுமொழி சொன்னார்கள். தொழுகையில் பிடிபட்டார் என்ற ஒரு செய்தியைக் கொண்டு ஷஹீது என்று எழுதிய நம் பேனாக்களும் உண்டு. 1997 அக்டோபரில் கமல்ஹாசன் அவரைப்பற்றிய திரைப்படத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தே சென்னைக்கு வந்து விழாவில் கலந்துகொண்டார்! எந்தக் கொடியின்கீழ் அவர் தூக்கிலேற்றப்பட்டாரோ அந்தக் கொடிக்குரியவர் அவருடைய படத்துக்கு வாழ்த்துச் சொன்ன விந்தையை என்னவென்பது? படம் முடிவு பெறவில்லை.

திருச்சிக்குத் தலை, பாளையங்கோட்டைக்குக் கை என்று பங்கிட்டவர்களைக் கொடியவர் என்கிறோம். வாழ்க்கையைப் பங்கிட்டுக்கொண்ட நமக்கு என்ன பெயர்? இறந்தவர் திரும்பி வந்து, 'அது மட்டுமல்லவே நான்' என்று சொல்லமாட்டார் என்ற துணிவு இரண்டு செயலுக்கும் பொது.

முழு மனிதராக அவரைப் பார்ப்பது கடினம் என்பதை நாம் மறைக்கவில்லை. நெற்கட்டுஞ்செவலின் பூலித்தேவரை நாம் போற்றுகிறோம். அவருடைய கோட்டைகளை 1761இல் கும்பெனிக்காகவும் நவாபுக்காகவும் வீழ்த்தியவர் யூசுப் கான். மதுரையைச் சுற்றிய கள்ளர் நாடுகளில் அவருடைய படை நடந்த வழியெல்லாம் ஊர்கள் எரிந்தன, கழுத்துகளில் கயிறு விழுந்தது. குளம் வெட்டிய கைதான் அது. நெருப்பு வைத்த கையும் அதுவே. சம்மட்டிபுரத்துக் கபுறில் பாத்திஹா ஓதும் கூட்டத்தில், அவரால் தந்தையை இழந்த ஒரு பாளையத்துக் குடியானவன் வந்து நின்றால் அவனுக்கு நாம் என்ன சொல்வோம்? 'கடைசியில் அவர் வெள்ளையனை எதிர்த்தாரப்பா, மறந்துவிடு' என்போமா? மனிதனுக்கு மனிதன் செய்த அநீதியை, அநீதிக்கு ஆளானவன் மன்னித்தாலன்றி இறைவனும் மன்னிப்பதில்லை என்று படித்த நாம், அந்தக் குடியானவனுக்காக மன்னிப்பை வழங்கிவிட முடியாது. அவ்வாறு வழங்குவது அவனையும் வெட்டி எறிவதாகும்.

அப்படியானால் கொடுமையைக் கண்டிக்கவே கூடாதா, செத்தவன் என்ற காரணத்தால் எல்லாவற்றையும் மூடிவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இறந்தவர்களை ஏசாதீர்கள், அவர்கள் தாங்கள் முற்படுத்தியதைச் சென்றடைந்துவிட்டார்கள் என்னும் கருத்துடைய நபிமொழியை வரலாற்றை மறைப்பதற்கான போர்வையாகச் சிலர் இழுத்துப் போர்த்துகிறார்கள். நாம் அதை அவ்வாறு விளங்கவில்லை. ஏசுவது வேறு, உள்ளதைச் சொல்வது வேறு. நெற்கட்டுஞ்செவலில் நடந்தது நெற்கட்டுஞ்செவலில் நடந்ததாகவே எழுதப்பட வேண்டும். அதை எழுதிய பக்கத்திலேயே, புல்லர்ட்டன் பாராட்டிய ஆட்சியும் எழுதப்பட வேண்டும். பசித்த கோட்டையும், பிரெஸ்டனின் மரணமும் எழுதப்பட வேண்டும். செயலுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அறிவு தரப்பட்டிருக்கிறது. மனிதனின் இறுதிக் கணக்கை மூடும் அதிகாரம் நம்மிடம் தரப்படவில்லை. அதை மூடுகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்ய வேண்டியிருப்பது வெட்டுவதைத்தான். ஏனெனில் முழு மனிதன் எந்த ஒரு சொல்லிலும் அடங்கமாட்டான்.

அவரைக் காட்டிக்கொடுத்தவர்களையும் இந்த வரிசையில் சேர்த்தாக வேண்டும். சீனிவாசராவ் என்றாலும் மார்ச்சந்து என்றாலும் துரோகி என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம். மாதக்கணக்காக வளைக்கப்பட்ட கோட்டைக்குள்ளே பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அடுத்த வேளை உணவு இல்லை. வெல்லும் வழியும் இல்லை. தலைவர் பணியமாட்டார். இந்த நிலையில் ஒரு திவானின் கடமை யாது? அவர்கள் உயிரையும் ஊதியத்தையும் எண்ணியே அதைச் செய்திருக்கலாம். அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நாமும் கருதுகிறோம். ஆனாலும் அன்றிரவு கோட்டைக்குள் சோறு கண்ட ஒரு தாயிடம் சென்று, அது துரோகத்தில் வந்த சோறு என்று சொல்ல நமக்கு நா எழாது. தொழுகைப் பாயில் ஒருவரைப் பிடித்துக் கட்டியதன் இழிவும் இதனால் குறைந்துவிடவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

மாசா என்னும் அவருடைய மனைவி போர்த்துக்கீசிய வழிவந்தவர் என்பர். கணவர் இறக்கும்போது கையில் இரண்டு மூன்று வயதுச் சிறுவன். தளபதியைப்பற்றி நூல் எழுதியவர்களும் படம் எடுக்க முனைந்தவர்களும், அவரை எமதென்று வழக்காடியவர்களும் அந்தச் சிறுவனைப்பற்றி அதிகம் கவலைப்பட்டதில்லை. அவனால் நிறுவத்தக்கது எதுவும் இல்லை போலும்.

சம்மட்டிபுரத்துக் கபுறைச் சிலர் தர்கா என்கின்றனர். அவரை வலியென்று எண்ணி நேர்ச்சை செய்வோரும் இருக்கலாம். இதைக் கடிந்து எழுதுவது நம் நோக்கமன்று. ஆனால் ஜியாரத்துக்குச் செல்வோர் சொல்லும் சலாமை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கபுறுவாசிகள் அனைவருக்குமாகச் சொல்லப்படும் அந்த சலாமில் தளபதிக்கென்று தனிச்சொல் இல்லை. வலிக்கென்றோ கலகக்காரனுக்கென்றோ இல்லை. நாங்களும் உங்களை வந்தடைவோம் என்ற பொருளோடு அது முடிகிறது. ஓதுபவர் எந்தப் பட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தாலும், சொல்ல வேண்டிய சொற்கள் அவைதாம்.

நவாப் முகம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் இறந்தார். அவருடைய உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் அடக்கப்பட்டது. அதே வளாகத்தில் சந்தா சாகிபும் இருக்கிறார். வழக்காறு உண்மையானால், 31 ஆண்டுகளுக்கு முன் யூசுப் கானின் தலை சென்று சேர்ந்ததும் அந்தத் திருச்சிக்குத்தான். அங்கு ஜியாரத்துக்குச் செல்பவர்கள் மூவரையும் பிரித்தறியாமல் அந்த ஒரே சலாமைச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.